பழகிய ஃபிகரில் புது வேரியேஷன்: பால்ரூம் ஜோடிகளுக்கு முழுமையான வழிகாட்டி

நேச்சுரல் டர்ன் வரும், ரிவர்ஸ் டர்ன் வரும், விஸ்க்கும் ஷாசேயும் வரும். எல்லாம் வால்ட்ஸ் நடனத்தின் ஃபிகர்கள், அதாவது பெயரிட்ட அடித்தொகுப்புகள். நான்கையும் மாற்றி மாற்றி ஆடி அலுத்துப்போன ஜோடிகள் அடுத்துச் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். போட்டி வீடியோ ஒன்றைத் திறந்து, அதில் கண்ணைப் பறிக்கும் எட்டு விநாடியை அப்படியே எடுக்கப் பார்ப்பார்கள். இரண்டு வாரம் முட்டி மோதிவிட்டு, "நமக்கு இது சரிப்படாது" என்று விட்டுவிடுவார்கள்.

அவர்கள் உண்மையில் தடுமாறியது அந்த எட்டு விநாடிக்கு முன்னும் பின்னும்தான். உள்ளே போகும்போது எந்தக் காலில் எடை இருந்தது, வெளியே வரும்போது எந்தப் பக்கம் முகம் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. வேரியேஷன், அதாவது பழகிய ஃபிகரில் செய்யும் மாற்றம், முக்கால்வாசி கணக்கு வேலை. கணக்கு சரியாக இருந்தால் காலையும் உடம்பையும் பழக்கிவிடலாம். கணக்கு தவறினால் எவ்வளவு அழகாக ஆடினாலும் அடுத்த ஃபிகரில் இருவர் காலும் மோதும்.

உதாரணங்களைப் பெரும்பாலும் வால்ட்ஸில் இருந்து எடுத்திருக்கிறேன், நடுவில் சா சா சாவும் வரும். ஜோடியில் வழிநடத்துபவர் லீடர், அவரைப் பின்தொடர்பவர் ஃபாலோயர். அடிகளை லீடரின் பக்கமிருந்து சொல்கிறேன். லீடருக்கு வலது கால் என்றால் ஃபாலோயருக்கு இடது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் என்ன வேண்டும்

முதலில், மூல ஃபிகர் இருவருக்கும் யோசிக்காமல் வர வேண்டும். நான் வைத்திருக்கும் சோதனை எளியது: சாதாரணமாகப் பேசிக்கொண்டே அதை எட்டு முறை ஆடுங்கள். ஓர் இடத்தில் பேச்சு நின்றால், அந்த அடி இன்னும் தலையில்தான் இருக்கிறது, காலுக்கு இறங்கவில்லை. அதன்மேல் வேரியேஷன் கட்டினால் இரண்டும் சேர்ந்து சரியும்.

இரண்டாவது, உடன் ஆடுபவரின் அடிகளும் தெரிந்திருக்க வேண்டும். ஃபாலோயரின் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாத லீடர், அது இல்லாத இடத்துக்கு அவரை அழைப்பார். ஒரு மாலை முழுக்க இடம் மாறி ஆடிப் பாருங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒரு மாலை பல வாரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, வேகத்தைக் குறைக்க ஒரு மெட்ரோனோம். போன் செயலியே போதும். போட்டி வால்ட்ஸின் வேகம் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (பீட்களின் ஒரு சுற்று). ஒரு பாருக்கு மூன்று பீட், ஆக 84 முதல் 90 பீட். பழகும்போது 72-ல் தொடங்குங்கள். குயிக்ஸ்டெப் 50 பாருக்குக் குறையாமல் ஓடும் என்பதால் முதல் வேரியேஷனை அங்கே முயல வேண்டாம்.

அப்புறம் ஒரு நோட்டு, பென்சில். ஷூவின் அடியில் சுவேட் தோல் இருக்கட்டும். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும். பிவட்டில், அதாவது ஒரு காலின்மேல் சுழலும்போது, பாதம் நின்றுவிட, உடம்பு மட்டும் சுழன்றால் அந்த முறுக்கை முழங்கால்தான் வாங்கும்.

2. ஃபிகரைத் தாளில் பிரித்து எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பத்து நிமிட வேலை, தவிர்க்காதீர்கள்.

திசைகளுக்குச் சில பெயர்கள் தேவை. தளத்தைச் சுற்றி எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்ப்புறமாக நகர்கிறார்கள். அந்த ஓட்டம்தான் நடனத் திசை. அதைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் தளத்தின் நடு. நடனத் திசைக்கும் சுவருக்கும் இடையில் சாய்வாகப் பார்ப்பதைச் சுவர்க்கோணம் என்றும், நடுவை நோக்கிச் சாய்வாகப் பார்ப்பதை நடுக்கோணம் என்றும் இங்கே சொல்கிறேன். திருப்பங்களை முழு வட்டத்தின் எட்டில் ஒரு பங்காக அளப்போம். ஒரு பங்கு 45 பாகை.

இப்போது வால்ட்ஸ் நேச்சுரல் டர்னை எழுதுவோம். சுவர்க்கோணம் பார்த்துத் தொடக்கம். 1: வலது கால் முன்னே. 2: இடது கால் பக்கவாட்டில். 3: வலது கால் இடதோடு சேரும். இந்த மூன்றில் வலப்புறமாக மூன்று பங்கு திரும்பியாயிற்று, முதுகு நடனத் திசையில். 4: இடது கால் பின்னே. 5: வலது கால் பக்கவாட்டில். 6: இடது கால் வலதோடு சேரும். இன்னும் மூன்று பங்கு திரும்பி, முகம் நடுக்கோணத்தில் முடியும்.

அடிகளுக்குக் கீழே நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். முடிவில் எந்தக் காலில் எடை இல்லை? முகம் எங்கே? ஃபாலோயர் நேர் எதிரிலா, வெளிப்பக்கமா, ப்ரோமனேடிலா (இருவரும் ஒரே பக்கம் பார்த்து V போலத் திறந்து நிற்பது)? முடிந்தது எந்த பீட்டில்? நேச்சுரல் டர்னுக்கு: வலது கால், நடுக்கோணம், நேர் எதிர், 3. இனி எந்த வேரியேஷனை எடுத்தாலும் கேட்கப் போவது இந்த நான்கையும்தான்.

3. வெட்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு ஃபிகரை எந்த அடியில் வேண்டுமானாலும் வெட்ட முடியாது. எடை முழுதாக ஒரு காலில் இறங்கியிருக்க வேண்டும், இருவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டும், உடம்பின் ஓட்டம் ஒரு பாரை முடித்திருக்க வேண்டும். நேச்சுரல் டர்னில் அப்படிப்பட்ட இடம் 3-வது அடியின் முடிவு.

வால்ட்ஸில் 2-லும் 3-லும் மேலெழுந்து, 3-ன் கடைசியில் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில்தான் லீடர் தன் முடிவைச் சொல்ல முடியும். மேலே நுனிக்காலில் இருக்கும்போது திசையை மாற்றச் சொன்னால் ஃபாலோயருக்குக் கால் ஊன்ற இடம் கிடையாது. புதியவர்கள் 2-வது அடியிலேயே வெட்ட முயல்வதை அடிக்கடி பார்க்கிறேன். இருவரும் நுனிக்காலில் தள்ளாடி நின்றுவிடுவார்கள். பழி மட்டும் ஃபாலோயர் மேல் விழும்.

4. முதல் வேரியேஷன்: பின்பாதியை மட்டும் மாற்றுங்கள்

முன்பாதியைத் தொடாதீர்கள். நேச்சுரல் டர்னின் 1-3 முடிந்து, முதுகு நடனத் திசையில், இடது கால் பின்னே போகத் தயார். இந்த ஒரே இடத்திலிருந்து நான்கு வழி பிரிகிறது.

அ) வழக்கமான 4-6. மேலே எழுதியதுதான்.

ஆ) ஹெசிடேஷன் சேஞ்ச். 4-ல் இடது கால் பின்னே, 5-ல் வலது கால் சிறிய பக்க அடி, 6-ல் இடது கால் வலதோடு வந்து சேரும், ஆனால் எடை ஏறாது. முடிவில் நடுக்கோணம். இடது கால் எடையில்லாமல் இருப்பதால் இடது காலில் தொடங்கி இடப்புறமாகத் திரும்பும் ரிவர்ஸ் டர்னுக்கு உடனே போகலாம். வழக்கமான 4-6 ஆடியிருந்தால் இடையில் ஒரு க்ளோஸ்டு சேஞ்ச் (தொடக்கக் காலை மாற்றும் மூன்று அடி) போட்ட பிறகுதான் ரிவர்ஸ் வரும். ஒரு பார் மிச்சம்.

இ) ஸ்பின் டர்ன். 4-ல் இடது கால் பின்னே வைத்து அதன்மேலேயே வலப்புறமாக அரை வட்டம் பிவட். 5-ல் வலது கால் முன்னே. 6-ல் இடது கால் பக்கவாட்டில், சற்றுப் பின்னே, இன்னும் மூன்று பங்கு திரும்பி. இப்போது லீடரின் முதுகு நடுக்கோணத்தில் இருக்கும். தொடர்ந்து ரிவர்ஸ் டர்னின் 4-6.

ஈ) ஓப்பன் இம்பீட்டஸ். 4-ல் இடது கால் பின்னே, 5-ல் வலது கால் இடதோடு சேர்ந்து ஹீல் டர்ன், 6-ல் ப்ரோமனேடாகத் திறந்து இடது கால் நடுக்கோணத்தை நோக்கி. இங்கே லீடர் குதிகாலில் திரும்ப வேண்டும், அதனால் கடைசியாகப் பழகுங்கள்.

பழகும் வரிசை ஆ, இ, ஈ. ஹெசிடேஷனில் திருப்பத்தின் அளவு பழைய அளவுதான், மாறுவது கடைசி எடை மட்டும். ஸ்பின் டர்னில் திருப்பமும் மாறும், முடிவுத் திசையும் மாறும். இம்பீட்டஸில் ஹோல்டும் (இருவரும் பிடித்து நிற்கும் நிலை) சேர்ந்து மாறும். பலர் ஸ்பின் டர்னில் தொடங்குகிறார்கள், பார்க்க வேரியேஷன் மாதிரி இருப்பது அதுதான் என்பதால். ஹெசிடேஷன் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். ஆனால் எடையைப் பிடித்துவைக்கப் பழகாதவருக்கு மற்ற இரண்டும் ஒருநாளும் சுத்தமாக வராது.

ஸ்பின் டர்னில் எல்லோரும் சறுக்கும் இடம் 4-வது அடி. லீடர் பின்னே பெரிய அடி எடுத்துவிடுவார். அப்போது ஃபாலோயரின் வலது கால் லீடரின் இரண்டு பாதங்களுக்கும் நடுவே வந்து சேராது, இருவருக்கும் இடையே இடைவெளி விழும், அந்த இடைவெளியோடு அரை வட்டம் திரும்ப முடியாது. கையால் இழுத்துத் திருப்பப் பார்ப்பார்கள். அடியைப் பாதியாகக் குறையுங்கள், பின்னே வைக்கும் பாதத்தின் விரல்களைச் சற்று உட்புறம் திருப்பி வையுங்கள். இழுக்க வேண்டிய தேவையே போய்விடும்.

5. கால் கணக்கு

ஒரு ஃபிகரில் ஓர் அடியைக் கூட்டினாலோ குறைத்தாலோ, அடுத்த ஃபிகரின் தொடக்கக் கால் மாறிவிடும். இரண்டு அடி கூட்டினால் மாறாது. இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வால்ட்ஸில் ஒரு பாருக்கு மூன்று அடி. ஆகவே ஒரு பார் வலது காலில் தொடங்கினால் அடுத்தது இடது காலில் தொடங்கும். ப்ரோமனேட் ஷாசே இதை உடைக்கிறது: வலது கால் குறுக்காக முன்னே, இடது கால் பக்கவாட்டில், வலது சேரும், இடது மறுபடி பக்கவாட்டில். ஒரே பாரில் நான்கு அடி. தொடங்கியது வலது காலில், அடுத்த பாரும் வலது காலிலேயே தொடங்கும். ஷாசேக்குப் பிறகு நேச்சுரல் டர்ன் இயல்பாக உட்காருவது இதனால்தான்.

ஹெசிடேஷன் இதற்கு எதிர்த்திசை. ஆறு அடி போல் தெரியும், ஆனால் எடை மாறுவது ஐந்து முறைதான். வலது காலில் தொடங்கி இரண்டு பாரும் முடிந்தபின் அடுத்தது இடது கால்.

ஆகவே உங்கள் வேரியேஷனில் எடை எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுங்கள். பாதம் தரையைத் தொட்டால் மட்டும் போதாது, எடை ஏறினால்தான் அது கணக்கு. தட்டிவிட்டு எடுப்பது, உரசிவிட்டு நிறுத்துவது எல்லாம் பூஜ்யம். மூல ஃபிகரின் எண்ணிக்கைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இரட்டைப்படை என்றால் அடுத்த ஃபிகரை மாற்ற வேண்டாம். ஒற்றைப்படை என்றால் மாற்றியே ஆக வேண்டும்.

ஒரு ஜோடி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தடுக்கிக்கொண்டிருந்தது. கால் நிலை, தோள், தலை எல்லாவற்றையும் திருத்திப் பார்த்தார்கள். தாளில் எண்ணச் சொன்னேன். லீடர் ஏழு முறை எடை மாற்றிக்கொண்டிருந்தார், ஃபாலோயர் எட்டு. பிரச்சினை அவ்வளவுதான்.

6. நேரத்தை மாற்றுதல்

இது இரண்டாவது வகை வேரியேஷன். அடிகள் அதே, அவற்றை இசையில் வைக்கும் இடம் மாறுகிறது. அல்லது ஒரு பீட்டைப் பிளந்து அதில் கூடுதல் அடி நுழைகிறது.

மேலே சொன்ன ஷாசேயின் எண்ணிக்கை "1, 2 அண்ட் 3". இரண்டாவது பீட் இரண்டாகப் பிளக்கிறது. வால்ட்ஸின் ஒரு பீட் ஏறத்தாழ 0.7 விநாடி, அதில் பாதி சுமார் மூன்றில் ஒரு விநாடி. அவ்வளவு நேரத்தில் பெரிய அடி வைக்க முடியாது. எனவே பிளந்த பீட்டின் அடிகள் கண்டிப்பாகச் சிறியவை. புதியவர்கள் நான்கு அடியையும் ஒரே அளவில் எடுத்துவிட்டு 3-ல் தாமதமாகி, அடுத்த பாரின் 1-ஐ விழுங்கிவிடுவார்கள்.

இன்னொரு கோளாறு, "அண்ட்" சீக்கிரம் வந்துவிடுவது. அவசரத்தில் 2-ம் அண்ட்-ம் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மருந்து வாய்தான். ஆடாமல் நின்ற இடத்தில், மெட்ரோனோம் ஓட, "ஒன், டூ அண்ட் த்ரீ" என்று சத்தமாகச் சொல்லுங்கள். வாயில் சமமாக வராதது காலில் சமமாக வராது. பிறகு கைதட்டி, பிறகு நின்ற இடத்திலேயே எடை மாற்றி, அதற்கப்புறம் நகர்ந்து.

ஸ்லோ, குயிக் என்று எண்ணும் நடனங்களில் ஒரு எச்சரிக்கை. ஃபாக்ஸ்ட்ராட்டில் ஒரு ஸ்லோ இரண்டு பீட், ஒரு குயிக் ஒரு பீட். டாங்கோவில் ஸ்லோ ஒரு பீட், குயிக் அரை பீட். ஃபாக்ஸ்ட்ராட்டில் பழகிய நேர மாற்றத்தை அப்படியே டாங்கோவுக்குக் கொண்டுபோனால், பிளந்த குயிக் பீட்டில் நான்கில் ஒரு பங்காகிவிடும். டாங்கோவில் அப்படிப் பிளப்பவை இல்லாமல் இல்லை. பிரஷ் டேப் "குயிக் குயிக் அண்ட் ஸ்லோ" தான். ஆனால் அதில் இடம்பெயர்வு மிகக் குறைவு, பாதம் மட்டுமே வேலை செய்கிறது.

7. திருப்பத்தின் அளவை மாற்றுதல்

ஒரு ஃபிகரில் கூடுதலாகத் திரும்பினால் அந்தக் கூடுதலை எங்காவது தீர்த்தாக வேண்டும்.

ஸ்பின் டர்னையே எடுங்கள். 5-க்கும் 6-க்கும் இடையே மூன்று பங்கு திரும்பினால் முதுகு நடுக்கோணத்தில். பின்வரும் ரிவர்ஸ் 4-6-ல் இடப்புறம் இரண்டு பங்கு திரும்பினால் சுவர்க்கோணத்துக்கு வந்துவிடலாம். அதே இடத்தில் நான்கு பங்கு திரும்பினால் முதுகு நேராக நடனத் திசையில். இப்போது ரிவர்ஸில் மூன்று பங்கு திரும்ப வேண்டும். முன்னே கூட்டியதைப் பின்னே கூட்டித்தான் ஈடுகட்ட முடியும்.

மூலையில் நிலைமை வேறு. நடனத் திசையே இடப்புறமாக இரண்டு பங்கு வளைந்துவிடுவதால், 5-க்கும் 6-க்கும் இடையே ஒரே ஒரு பங்கு திரும்பினாலே புதிய திசைக்கு முதுகு நடுக்கோணத்தில் இருக்கும். மூலையிலும் வழக்கமான மூன்று பங்கைத் திரும்பும் ஜோடிகள் ஓட்டத்துக்கு எதிரே போய் நிற்பார்கள். ஆக மூலைக்கென்று ஸ்பின் டர்னை ஒரு தனி வேரியேஷனாகவே பழகிவையுங்கள்.

தரையில் நான்கு செருப்புகளைக் கடிகார முள் போல வைத்து, ஒவ்வொரு அடியிலும் விரல் நுனி எதைப் பார்க்கிறது என்று பார்ப்பது பயன்படும். பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். திருப்பம் போதவில்லை என்று உணர்வை வைத்து வாதாடுவதைவிட இது சீக்கிரம் முடியும்.

8. லீட்: எப்போது சொல்வது, எதனால் சொல்வது

தாளில் எல்லாம் சரியாகி, தனியாக ஆடவும் வந்துவிட்டது. ஜோடியாக ஆடினால் உடைகிறது என்றால் காரணம் இங்கே இருக்கும்.

வேரியேஷனுக்கான சேதி, அது நடக்கும் அடிக்கு முந்தைய அடியின் முடிவிலேயே ஃபாலோயரைச் சேர்ந்திருக்க வேண்டும். நேச்சுரல் டர்னின் நான்கு வழிகளும் 3-ன் இறக்கத்திலேயே வேறுபடத் தொடங்க வேண்டும். ஸ்பின் டர்ன் என்றால் முழங்கால் நன்றாக மடங்கி, அடுத்த அடி குறுகி, சுழற்சி உடம்பில் தொடங்கியிருக்கும். ஹெசிடேஷன் என்றால் 5-க்குப் பின் நகர்வு அடங்கி, உடம்பு அந்தக் காலின்மேல் தங்கிவிடும். இம்பீட்டஸ் என்றால் ஹீல் டர்னிலிருந்து மேலெழும் நேரம் நீண்டு, லீடரின் உடம்பு இடப்புறம் திறக்கும்.

இவற்றில் எதையும் கை சொல்வதில்லை. கை ஃபிரேமை (ஹோல்டில் இருவரின் மேலுடம்பு வடிவம்) பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கையால் சொன்னால் சேதி தோளுக்குப் போகும், காலுக்குப் போகாது. ஃபாலோயரின் மேலுடம்பு திரும்பி இடுப்பு பழைய இடத்திலேயே நிற்கும்.

சோதிப்பது இப்படி. ஃபாலோயர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். லீடர் நேச்சுரல் டர்ன் 1-3 ஆடி, அ, ஆ, இ மூன்றில் ஏதாவது ஒன்றை முன்கூட்டிச் சொல்லாமல் எடுக்கட்டும். பத்து முறை. எட்டுக்குக் குறைவாகச் சரியாக வந்தால் லீட் இன்னும் தெளிவாகவில்லை. ஃபாலோயரிடம் "எப்போது தெரிந்தது?" என்று கேளுங்கள். "அடி வைத்தபிறகு" என்று பதில் வந்தால் அவர் ஊகித்துக்கொண்டிருக்கிறார்.

ஃபாலோயர் பக்கத் தவறும் உண்டு. வேரியேஷன் தெரிந்தவுடன் அது வருவதற்கு முன்பே போய் நின்றுவிடுவது. அன்போடு செய்யும் உதவிதான், ஆனால் லீடர் தன் லீட் வேலை செய்கிறது என்று தவறாக நம்பிவிடுவார். வேறொருவரோடு ஆடும் நாளில்தான் குட்டு உடையும். "நீங்கள் சொல்லாமல் நான் போகமாட்டேன்" என்பதை ஃபாலோயர் ஒரு கொள்கையாகவே வைத்துக்கொள்ளலாம்.

9. சா சா சாவில் எளிய வழி: ஷாசேயை மாற்றுங்கள்

லத்தீன் பக்கம் ஆடுபவர்களுக்கு வேரியேஷன் தொடங்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. எண்ணிக்கை "2, 3, 4 அண்ட் 1". ஐந்து எடை மாற்றம். அதில் 4 அண்ட் 1 மூன்றும் ஷாசே. நியூயார்க், ஹேண்ட் டு ஹேண்ட், ஸ்பாட் டர்ன் என எந்த ஃபிகராக இருந்தாலும் அதன் ஷாசேயை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம்: லாக், ரோண்டே ஷாசே, ஹிப் ட்விஸ்ட் ஷாசே. எல்லாமே மூன்று எடை மாற்றம் என்பதால் கால் கணக்கு அப்படியே நிற்கும். உடம்பு முடிகிற திசை மட்டும் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்த நிலை க்வாபாச்சா. 2-ல் வைக்க வேண்டிய அடியை அரை பீட் தள்ளி வைப்பது. அடிகள் ஐந்துதான், கணக்கு மாறாது. ஆனால் ஃபாலோயர் வழக்கம்போல 2-ல் போய்விடுவார். முந்தைய 1-ல் லீடர் உடம்பை நிறுத்தினால்தான் அவரும் நிற்பார்.

க்யூபன் பிரேக் "2 அண்ட் 3 அண்ட் 4 அண்ட் 1". ஏழு எடை மாற்றம், ஐந்தைவிட இரண்டு அதிகம், அடுத்த ஃபிகரின் வழக்கமான தொடக்கக் கால் மாறாது. ஸ்ப்ளிட் க்யூபன் பிரேக் "2 அண்ட் 3, 4 அண்ட் 1". ஆறுதான். எனவே எந்தக் காலில் தொடங்கினீர்களோ அதே காலில்தான் அடுத்த பாரும் தொடங்கும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், மறந்தால் அடுத்த ஃபிகர் போயிற்று.

10. இசையில் எங்கே வைப்பது

பால்ரூமுக்கு வாசிக்கும் இசை பெரும்பாலும் எட்டு பார் கொண்ட வாக்கியங்களாக வரும். வேரியேஷன் நீளம் தெரிந்தால் அதை எங்கே தொடங்க வேண்டும் என்பதைப் பின்னாலிருந்து எண்ணலாம். எடையைப் பிடித்துவைப்பவை, நின்று காட்டுபவை எட்டாவது பாரில் முடிந்தால் இசையே அவற்றுக்குத் துணை நிற்கும். பிளந்த பீட் உள்ளவை நடுவில் எங்கும் போகலாம்.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேரியேஷன் போதும். மூன்று வைத்தால் எதுவும் வேரியேஷனாகத் தெரியாது.

11. உடம்பின் வடிவம் கடைசியில்

ஸ்வே (உடம்பின் பக்கச் சாய்வு), தலைத் திருப்பம், த்ரோஅவே ஓவர்ஸ்வே மாதிரியான நின்ற கோலங்கள். புதியவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான், நான் கடைசியில் வைக்கிறேன். எடை எங்கே என்று தெரியாமல் முதுகை வளைத்தால் அந்தப் பாரத்தை உடன் ஆடுபவர் சுமக்க வேண்டிவரும். வேரியேஷன் ஷேப் இல்லாமல் ஒருமுறை வெறுமையாக, நேராக ஆடி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

12. பழகும் வரிசை

முதலில் தனியாக, இசை இல்லாமல், சத்தமாக எண்ணி. அடுத்து தனியாக மெட்ரோனோமோடு. பிறகு ஜோடியாக, முழு ஹோல்ட் எடுக்காமல், முன்கைகளை மட்டும் பிடித்து. இந்த நிலையில் கையின் தயவு இல்லாததால் அடி தவறினால் உடனே தெரியும். அதன்பிறகு முழு ஹோல்ட், அதன்பிறகு மெதுவான இசை.

இதுவரை வேரியேஷனை மட்டும் தனியே ஆடியிருப்பீர்கள். இனி அதற்கு முன்னே ஒரு ஃபிகர், பின்னே ஒரு ஃபிகர் சேர்த்தே ஆடுங்கள். தனியே நூறு முறை ஆடியவர்கள் சங்கிலியில் கோக்கும்போது நுழைவில் தடுக்குவார்கள், ஏனெனில் நின்ற நிலையிலிருந்து தொடங்கியே பழகிவிட்டார்கள். ஓட்டத்தோடு உள்ளே வருவது வேறு விஷயம். வேகத்தை நான்கு நான்கு பீட்டாகக் கூட்டுங்கள். உடைகிற வேகம் வந்தால் ஒரு படி இறங்கி அன்றைக்கு அங்கேயே முடியுங்கள்.

13. தளத்தில் இறங்கும்போது

கூட்டம் இருக்கும். முன்னே இருக்கும் ஜோடி திடீரென நிற்கும். எனவே ஒவ்வொரு வேரியேஷனுக்கும் பாதியில் கழன்றுகொள்ளும் வழி ஒன்று தயாராக இருக்க வேண்டும். நேச்சுரல் டர்ன் வகையில் அது ஹெசிடேஷன்: இடம் அதிகம் தேவையில்லை, நின்று பார்க்க ஒரு பீட் கிடைக்கும், இடது பக்கம் திறந்திருந்தால் போய்விடலாம். நின்ற கோலங்களை ஓட்டத்தின் நடுவே வைத்தால் பின்னால் வருபவர்கள் முட்டிக்கொள்வார்கள். மூலை தாண்டியவுடன் தளத்தின் நடுப்பக்கமாக ஒதுங்கி வையுங்கள்.

போட்டிக்குப் போவதாக இருந்தால், பழகத் தொடங்கும் முன்பே விதிப் புத்தகத்தைப் பாருங்கள். தொடக்கநிலைப் பிரிவுகளில் அனுமதித்த ஃபிகர் பட்டியல் இருக்கும், சில இடங்களில் நேர மாற்றத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பட்டியலில் இல்லாததை ஆடினால் எவ்வளவு சுத்தமாக ஆடினாலும் மதிப்பெண் போய்விடும். அங்கே பிரிவு 4-ல் சொன்னவைதான் கைகொடுக்கும். ஹெசிடேஷன், ஸ்பின் டர்ன், இம்பீட்டஸ் மூன்றுமே பாடத்திட்டத்துக்குள் வரும் ஃபிகர்கள், எந்தப் படிநிலையில் அனுமதி என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.